ஜன்னலில் இரண்டு சுடர்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் கிடைத்தது கதை அல்ல, ஒரு ஜன்னல். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் டிராமுக்காக நின்றபோது எதிர்வீட்டு மாடி ஜன்னலில் மெழுகுவத்திகள் எரிந்தன. கீழே ஒரு காதலன் நின்றால் எப்படி இருக்கும்? ஒருவனை நிற்க வைத்துவிட்டேன். பெயர் உமாபதி, மதுரைக்காரன், மென்பொருள் வேலை.

2

முதல் வரி: ஆண்டுதோறும் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி வரும் யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்கா அன்று உமாபதி—

இல்லை. அந்த இருபத்தைந்து, யூதர்களின் கிஸ்லேவ் மாதத்து இருபத்தைந்து. நிலவைப் பார்த்து எண்ணும் மாதம். நம் தீபாவளியைப் போலத் தேதி நகரும். 2025இல் டிசம்பர் பதினான்கு மாலையே தொடங்கிவிட்டது. எட்டு இரவுகள்; இரவுக்கு ஒரு சுடர் கூடும்.

3

வேலையைச் சாக்குச் சொல்லி, தன் யூதக் காதலி யானாவின் வீட்டுக்கு இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டான் உமாபதி. அவள் சண்டை போடவில்லை. (போடவைத்துப் பார்த்தேன், அவளுக்குப் பொருந்தவில்லை.)

"முதல் நாள் விளக்கு எரியும்போது வா. அம்மாகிட்ட நம்மைப் பத்திச் சொல்றேன். வரலேன்னா, உனக்கு மனசில்லேன்னு எடுத்துக்கறேன்."

(ஜெர்மனில்தான் சொன்னாள். மதுரைத் தமிழில் அவனுக்குக் கேட்டது.)

4

அலுவலக நாட்காட்டியில் ஹனுக்கா பதினைந்து என்று போட்டிருந்தது. பதினான்கு மாலை அவன் நிம்மதியாகத் தோசை வார்த்துக்கொண்டிருக்க, பான் நகரிலிருந்து அக்கா ஹரிப்ரியா அழைத்தாள்.

"டேய், அவங்களுக்குச் சாயங்காலமே நாள் பொறந்துடும். இன்னைக்குத்தான் முதல் விளக்கு. ஓடு!"

அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே ஓடினான். யானா வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்தான். இரண்டு சுடர்கள்.

(தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றே ஜன்னலில் வைக்கிறார்கள். அந்த நல்ல வழக்கம் என் கதாநாயகனைக் கவிழ்க்கப் பார்க்கிறது.)

"அக்கா, போச்சு. ரெண்டு எரியுது. நேத்தே ஆரம்பிச்சிருக்காங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"மக்கு! ஒண்ணு உசரமா இருக்கா?"

"...இருக்கு."

"அது மத்ததை ஏத்தி வைக்கிற மெழுகுவத்திடா. கணக்குல வராது. எஞ்சினியராம், எஞ்சினியர்!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"தம்பி கல்யாண விஷயம், படிச்சு வச்சுக்க மாட்டேனா? மேல போ!"

5

முடிவு ஒன்று: அவன் படியேறுவதற்குள் சுடர் அணைந்து— சே, எனக்கு அதெல்லாம் வராது. என் கதையில் யாரும் பிரிவதில்லை.

முடிவு இரண்டு: யானா கூந்தல் பறக்க ஓடிவந்து— அவளுக்குக் கிராப்புத் தலை.

நான் அடித்து எழுதிக்கொண்டிருக்கையில் பக்கத்து ஜன்னல் திறந்தது. யானாவின் அம்மா எட்டிப்பார்த்தார்.

"உமாபதி! மெழுகுவத்தியை எவ்வளவு நேரம்தான் எண்ணுவாய்? உருளைக்கிழங்கு அடை ஆறுகிறது!"

பெயர் தெரிந்திருக்கிறது! அவன் வருவானா என்று பார்க்காமலேயே யானா சொல்லிவிட்டாள், என்னிடம்கூடக் கேட்காமல்.

உமாபதி படிகளைத் தாவி ஏறுகிறான். கதவில் யானா. என்னைக் கேட்காமல் இவ்வளவு செய்தவளுக்கு நான் இனி வசனம் எழுதிக் கொடுப்பதாக இல்லை. நீங்கள் உள்ளே போங்கள். சுடர் எரிகிறவரை அந்த வீட்டில் யாரும் வேலையைத் தொடமாட்டார்கள், பேச்சு மட்டும்தான். கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.