சுயுன்சு கேட்டவள்

விடுதிச் சமையலறையில் மேரிம் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது, அவளுடைய செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அறைத்தோழி உல்ஜான் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சுயுன்சு! சுயுன்சு குடுடி!"

நல்ல சேதி கொண்டுவந்தவள் அப்படிக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

"போனைச் சார்ஜ்ல போட்டுட்டு வந்துட்ட. பேங்க்லேர்ந்து கூப்டாங்க, நான்தான் எடுத்தேன். வேலை உனக்குத்தான்! திங்கக்கெழம வரச் சொன்னாங்க."

"உனக்கு?"

"எனக்கு இல்லியாம். அதை விடு. மொதல்ல பரிசைக் குடு."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று மேரிமுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. வணிகப் படிப்பின் கடைசி வருடம் முழுக்க இருவரும் விடுதி அறையில் நேர்முகத்துக்குப் பழகினார்கள். ஒருத்தி அதிகாரி, மற்றவள் வேலை கேட்டு வந்தவள். 'நீங்கள் சமாளித்த சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள்' என்றால் உல்ஜானிடம் பதில் இருந்தது. மலைப்பாதையோரம் அவள் அம்மா குதிரைப்பால் கிமிஸ் விற்கிறாள். ஒரு கார்கூட நிற்காத கோடையில், உல்ஜான் லாரிக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கிண்ணம் சும்மா கொடுத்தாள். லாரிகள் நிற்பதைப் பார்த்துக் கார்களும் நின்றன. அடுக்குமாடியில் வளர்ந்த மேரிமிடம் மதிப்பெண்களைத் தவிர என்ன இருந்தது? வங்கியில் அவளைத்தான் முதலில் அழைத்தார்கள். அந்தக் கேள்வி வந்ததும் வாய் தானாக அந்த லாரிக் கதையைத் தன் கதையாகச் சொல்லிவிட்டது. தானாக என்ன தானாக! அம்மாவின் தலைத்துணி நிறம்வரை சேர்த்துத்தான் சொன்னாள். அவளுக்கு அடுத்து உள்ளே போனவள் உல்ஜான்.

"என்ன வேணும், கேளு."

"அன்னிக்கு நீ போட்டுட்டுப் போன சாம்பல் கோட்டு. ராசியான கோட்டுடி அது! அடுத்த வாரம் தேயிலைக் கம்பெனில எனக்கு இண்டர்வியூ."

மேரிம் அவளை அறைக்குக் கூட்டிப்போய், கோட்டை எடுத்துத் தானே அவளுக்குப் போட்டுவிட்டாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அரித்தது.

"உல்ஜான்..."

"ஏன் மொகத்தை இப்படி வச்சிருக்க? வேலை கெடச்சவ மாதிரியா இருக்க? வா, அதிகாரியா இரு. கேளு."

மேரிம் கேட்டாள். "நீங்க சமாளிச்ச சிக்கல் ஒண்ணு சொல்லுங்க."

"எங்கம்மா கிமிஸ் விக்கிறாங்க..." உல்ஜான் நிறுத்திக்கொண்டாள். "இது வேணாம்டி. அன்னிக்கு பேங்க்ல இதைச் சொன்னதும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. கட்டிவிட்ட கதைன்னு நெனச்சுட்டாங்கபோல. நீ என்ன சொன்ன? அதைச் சொல்லிக்குடேன்."

கோட்டின் கைகள் அவளுக்கு நீளம். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிய, கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.