இழுவைக்கு நேரே பூஜ்யம்

லாரி ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்குக்கு ஊரில் பாம்புச்செவி என்று பெயர். ஆண்டுதோறும் நடக்கும் காட்டுப் பறவைக் கணக்கெடுப்பிலும் அந்தச் செவிக்குத்தான் முதல் மரியாதை. கூடவே கொஞ்சம் கர்வமும் வளர்ந்திருந்தது, பொய் சொல்வானேன்.

அங்கே அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பச்சைக் குருவிகள் உண்டு. பார்த்துப் பிரிப்பது நடக்காத காரியம், குரல்தான் வழி. இரண்டுமே 'டிக் டிக் டிக்' என்று ஆரம்பிக்கும். ஒன்று அதோடு நிறுத்திக்கொள்ளும். மற்றது முடிவில் மெல்லிசாக 'சீ...' என்று இழுக்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவிதான் பெயர் வைத்தாள்: "இது கறாரு, அது இழுவை. உங்க அம்மா ஃபோன்ல பேச்சை முடிக்கிற மாதிரி." அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த அத்தனையும் பறந்துவிட்டன. அப்படியொரு காலை அவருக்குப் பிறகு வாய்க்கவில்லை.

நான்கு வருடமாக அவளுக்கு முழங்கால் வலி. அவர் தனியாகத்தான் போனார். நான்கு வருடமும் இழுவைக்கு நேரே பூஜ்யம். ஐந்தாவது பூஜ்யமும் விழுந்தால் காட்டின் பட்டியலிலிருந்தே அதை அடித்துவிடுவார்கள். அதனால் இந்த முறை துணைக்கு மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மச்சினன் தையல்காரர், காக்கையைத் தவிர வேறு பறவை தெரியாதவர்.

இரண்டு மணி நேரம் நடந்தும் கறார்தான்.

"போச்சு மாப்ளே. காட்டை விட்டே போயிடுச்சு." அவர் கணக்குத் தாளை மடிக்கப் போனார். "உங்கக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"எது மாமா, கடைசியில சீன்னு இழுக்குமே, அதுவா?"

"அதேதான்."

"காலையிலேருந்து காதைக் குடையுதே! நீங்க கறாருன்னு எழுதுறீங்க, உங்களுக்குத் தெரியாததான்னு நானும் வாயை மூடிக்கிட்டு வந்தேன். இந்தா, தலைக்கு மேலயே இருக்கு பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். டிக் டிக் டிக். அதற்குப் பிறகும் குருவியின் அலகு மூடவில்லை. தொண்டை துடித்துக்கொண்டே இருந்தது. அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

நாற்பது வருடம் இன்ஜின் இரைச்சலில் அடிபட்ட காது. இருக்கிற பறவையை இல்லையென்று எழுதியிருக்கிறார். அதற்கு முன்பும் மனைவி சொல்லித்தான் தலையாட்டினாரோ என்னவோ. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம்: போகவில்லை, இங்கேதான் இருக்கிறது.

பென்சிலை மச்சினனிடம் நீட்டினார். "நீயே எழுது. போன நாலு வருஷக் கணக்கும் தப்பு, கோளாறு என் காதுலன்னு கீழே போடு."

"பேரு கெட்டுடுமே மாமா?"

"கெடட்டும். அது இழுக்கிறப்பல்லாம் என் தோளைத் தட்டு."

கண்ணை மூடிக்கொண்டார். டிக் டிக் டிக். தோளில் ஒரு தட்டு. டிக் டிக் டிக். மறுபடியும் ஒரு தட்டு. வெயில் ஏறியது. போதும் என்று அவரும் சொல்லவில்லை. மச்சினனும் கையை எடுக்கவில்லை.