சத்தத்தைக் குறைத்தபோது

கறுப்பு உடையில் மாசெலே ஏறியதும் ஓட்டுநர் பேக்கா பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். உம்லாசி நகரில் ஓடும் வேன் டாக்ஸிகளில் யாரும் எழுதி ஒட்டாத விதி அது. துக்கக்காரர் இறங்கும்வரை பாட்டு அடங்கித்தான் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். பேக்காவின் ஸ்பீக்கருக்காகவே, முன்னால் வந்த வேன்களையெல்லாம் விட்டுவிட்டுக் காத்து நின்றவர்கள். ஆனாலும் விதிக்குக் கட்டுப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மெலூசிக்கும் எரிச்சல்தான். ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய பாட்டு. அதை ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் தனக்கு ஒரு வேலையும் இல்லாத ஊர்ப்பக்கம் டாக்ஸி ஏறியிருந்தான். படிப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து, தங்கை தொபீலேயோடு பங்கு போட்டுக்கொள்ளும் உடைந்த போனில், காசு கேட்காத ஒரு செயலியை வைத்துப் பாட்டு செய்துகொண்டிருந்தான். செய்ததையெல்லாம் ஓட்டுநர்களிடம் கொடுப்பான். அவர்கள் அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். பின்னால் ஒரு தலையும் ஆடவில்லை என்றால் மாற்றிவிடுவார்கள். அதுவரை அவன் செய்த பாட்டு எதற்கும் ஒரு தலையும் ஆடியதில்லை.

இது ஒன்றுதான் பிடித்துக்கொண்டது. நடுவில் மேளமெல்லாம் நின்று, துறைமுகத்தில் கப்பல் ஊதுவதுபோல 'வூ' என்று ஒரு சத்தம் நீளும். அதன் பிறகு அடி விழும்போது வேனே குலுங்கும். பிள்ளைகள் அதற்குக் 'கப்பல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். டிசம்பர் கடைசி நாள், மைதானத்தில் புது வருஷம் பிறக்கும் நிமிடத்தில் ஓடப்போகிற பாட்டு இதுதான் என்று பேக்கா சொல்லியிருந்தான். அதற்கு நீளமாக ஒன்று செய்து தரச் சொல்லியிருந்தான்.

சத்தம் குறைந்ததும் அதிரும் மேளம் காணாமல் போனது. வண்டி குலுங்குவது நின்றது. மிஞ்சியது 'வூ' மட்டும்தான்.

"நிறுத்துப்பா" என்றாள் மாசெலே.

பேக்கா பிரேக் அடித்தான். இறங்கப்போகிறாள் என்று கதவோரம் இருந்தவர் நகர்ந்து வழிவிட்டார்.

"வண்டிய இல்ல. அத நிறுத்து. அது நான்."

முன்வரிசைப் பையன் ஒருவன், அத்தை பாட வேற செய்வாங்களா, சொல்லவே இல்லையே என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"எம்புள்ள மேல மண்ணு போட்டப்ப நான் கத்துனது அது."

பேக்கா பாட்டை அணைத்தான். கண்ணாடியில் அவன் கண் மெலூசியின் மேல் வந்து நின்றது. காட்டிக்கொடுக்கவில்லை. மெலூசி தலையைக் குனிந்துகொண்டான். மாசெலே அவனுக்கு எதிர்வீடு. அவள் மகன் வுமானியோடு ஒரே தெருவில் பந்து உதைத்தவன் அவன். குளிர்காலத்தில் அந்தச் சவப்பெட்டியைத் தூக்கிய தோள்களில் ஒன்று அவனுடையது.

இருக்காது என்று நினைத்தான். அது கப்பல். போன் நிரம்பி, செயலி எதையும் சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த காலை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பழைய ஒலிப்பதிவுகளை ஒரு கணம் கேட்பதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருந்தான். ஒன்றில் மழையும், மழைக்குள் ஒரு 'வூ'வும் கேட்டன. எப்போதோ துறைமுகப் பக்கம் தானே பதிவு செய்தது என்று நினைத்தான். ஒரு மூச்சளவு துண்டை வெட்டி எடுத்துச் சுருதியை நன்றாக இறக்கினான். மீதியை அழித்தான்.

மெலூசி வீட்டுக்கு வந்தபோது தொபீலே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வுமானியின் அடக்கத்தன்று போனில் எதையாவது பதிவு செய்தாயா என்று கேட்டான். செய்தேனே என்றாள். ஜோஹன்னஸ்பர்க்கில் லீவு கிடைக்காத மாமாவுக்கு அனுப்ப. மழையில் படம் தெரியாது என்று சத்தத்தை மட்டும் பிடித்தாளாம். மாமாவின் போன் அடுத்த மாதமே திருடு போய்விட்டது. ஏன் கேட்கிறாய் என்றாள். சொன்னான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு பொம்பள கத்துறதுக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாதாடா? உனக்குக் காது இருக்கா இல்லையா?"

"இயர்போன்ல ஒரு பக்கந்தான் கேக்குது."

அது உண்மை. அதைவிட மட்டமான பதிலும் இருக்க முடியாது. வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் நீயே போ என்று தொபீலே அவனைத் தெருவில் தள்ளினாள்.

மாசெலே வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மெலூசி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லி முடித்தான். சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தான். பாட்டை நிறுத்தச் சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு என்ன கெஞ்சுவது என்று வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தான். எனக்கு அமைந்த ஒரே பாட்டு இது, அம்மா. டிசம்பர் வரைக்கும் விடுங்க.

அவள் போனைக் கேட்டாள். மெதுவாக வைக்கச் சொன்னாள். 'வூ' வந்தது. போனது. திரும்பவும் வைக்கச் சொன்னாள்.

"மீதி எங்க?"

அவனுக்குப் புரியவில்லை.

"நான் வுமானின்னு கூப்பிட்டேன்டா. பெட்டி உள்ள எறங்குறப்ப முழுப்பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். இதுல பாதியில நிக்குது. மீதிய எங்க வெச்சிருக்க?"

அழித்துவிட்டேன் என்றான். போனில் இடமில்லை என்றான். சொல்லும்போதே அது அவனுக்கு உறைத்தது. கப்பல் என்று ஊரே ஆடியது வுமானியின் பெயரின் முதல் எழுத்துக்கு.

"வெட்டினவன் நீதான. சேத்து வை. பேரு முழுசா வந்தா ஓடட்டும். ஆடுறவன் ஆடட்டும். இல்லேன்னா நிறுத்து."

பாட்டின் துண்டுகள் இருந்த கோப்பும் போய்விட்டது. இந்தச் செயலியில் முந்தையதை அழித்தால்தான் அடுத்த பாட்டைச் செய்ய முடியும்; முடிந்த பாட்டு மட்டுமே மிஞ்சியிருந்தது. அதை அவளிடம் விளக்கவில்லை. புதிதாகப் பதிவு செய்து மேலே ஒட்டலாம். அதைத்தான் சொன்னான். இன்னொரு தடவை கூப்பிடுங்க.

அவள் எழுந்து நின்றாள். அவன் போனை நீட்டிப் பிடித்தான்.

"வுமானி" என்றாள்.

சோறு ஆறிப்போகிறது, உள்ளே வா என்று கூப்பிடுகிற குரல். பக்கத்து வீட்டு நாய்கூடத் தலை தூக்கவில்லை. அவள் திகைத்துப் போய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் கூப்பிட்டாள். அதே குரல். மூன்றாவது தடவை கத்தினாள். அது யாரோ ஒரு பெண் யாரையோ திட்டுவதுபோல இருந்தது. போதும் என்று கையை ஆட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"வரல. நிறுத்திடு."

மெலூசி அங்கேயே நின்று பேக்காவை அழைத்தான். அவளும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான். அண்ணே, கப்பலை இனிமேல் யாரும் ஓட்ட வேண்டாம், எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்றான். மைதானத்துக்கு நீளப் பாட்டும் செய்யப்போவதில்லை.

மறுமுனையில் இருமல் கேட்டது.

"டேய், வேன்ல நடந்தது எனக்கும் மனசுல இருக்கு. நான் போட மாட்டேன். ஆனா அது அடுத்த ஊரு பைன்டவுன் வரைக்கும் போயிடுச்சு. எத்தன போன்ல இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீளப் பாட்டும் வந்தாச்சு. எவனோ மத்தியானமே செஞ்சு அனுப்பிட்டான். கப்பல் சத்தத்த மட்டும் பிச்சு எடுத்து, திருப்பித் திருப்பி வெச்சிருக்கான்."

மெலூசி அழைப்பைத் துண்டித்தான். மாசெலேயின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் செஞ்சதுலயாவது பேரு முழுசா வருதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் வெட்டினதுதான் அவங்க கையில இருக்கு."