எட்டுப் பத்து பஸ்

பெங்களூரில் மாரம்மா கோயில் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு வழியில்லாதவர்களுக்குப் பொறுமைசாலி என்று பட்டம் கொடுத்துவிட்டால் பஸ் விடுகிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். கால் மணிக்கு ஒரு பஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். முக்கால் மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல் வரும். முதலாவது பிதுங்கி வழியும், நிற்காது. மற்ற இரண்டும் அதை முந்துகிற அவசரத்தில் நிற்காது.

சர்வமங்களா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைப்பவள். ஒன்பது மணிக்கு அங்கே கேட்டை மூடிவிடுவார்கள். மாதத்தில் மூன்று தடவை தாமதமானால் வேலை இல்லை. அந்த மாதம் அவள் பெயருக்கு எதிரே இரண்டு தடவை ஏறிவிட்டது, மாதமோ பாதிகூட முடியவில்லை. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். பஸ் வராத ஒவ்வொரு காலையும் அவள் நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள்.

அதே கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற ஹொம்பாளம்மாவுக்குப் பயப்படுகிற பழக்கம் இல்லை; கோபம்தான் வரும்.

"இங்க நின்னு திட்டினா அந்தத் திட்டு யாருக்குக் கேக்கும்? எழுதணும்டி. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு தினம் எழுதணும்" என்றார்.

தமக்கு எழுத வராது என்பதால் நோட்டைச் சர்வமங்களா கையில் திணித்தார். சந்து சந்தாகப் போய் முந்நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினார். லீவு போட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் 'சார் மீட்டிங்கில் இருக்கிறார்' என்று பதில். அவர் அசரவில்லை. வராந்தாவிலேயே டிபன் டப்பாவைத் திறந்து, பியூனுக்கும் ஒரு பிடி சித்ரான்னம் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். நாலாம் முறை, சர்வமங்களாவையும் கூட்டிக்கொண்டு போனபோது, அந்தப் பியூனே கதவைத் திறந்து விட்டான். இப்படி ஒரு மனுஷி நம் பக்கம் நிற்கிறாள் என்று சர்வமங்களாவுக்கு ஏகப் பெருமை.

அதிகாரி கங்காதரய்யா நோட்டை வாங்கி, டிக்கெட் மெஷின் பதிவுகளோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"செவ்வாய்க்கிழமை முதல் பஸ் ஏழு இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. மெஷின்ல ஏழு பதினேழு, எட்டு நிமிஷம் வித்தியாசம். புதனும் எட்டு நிமிஷம், வியாழனும் எட்டு நிமிஷம். பொய்க்கணக்கு எழுதறதுன்னா கொஞ்சம் மாத்தி மாத்தியாவது எழுதக்கூடாதாம்மா?"

சர்வமங்களாவுக்கு உடனே புரிந்துவிட்டது, முகம் வெளிறியது. கம்பெனிச் சுவர்க்கடிகாரம் எட்டு நிமிஷம் முந்தி ஓடும். கேட்டை மூடுவது அந்தக் கடிகாரம்தான் என்பதால், அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோர் கையிலும் வீட்டுச் சுவரிலும் அதே நேரம்தான். வருஷக்கணக்காகப் பழகி, உலகத்துக்கே அதுதான் நேரம் என்று ஆகிவிட்டது. இத்தனை நாளும் அவள் பார்த்து எழுதியது அந்தக் கைக்கடிகாரத்தைத்தான்.

"மெஷின்தான் தப்புன்னு சொல்லிடலாம்க்கா" என்று காதில் கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு" என்றார் ஹொம்பாளம்மா. பிறகு உரக்க, "தப்பு எங்களோடதுதான் சார். எங்க கடிகாரம் கம்பெனிக் கடிகாரம், எட்டு நிமிஷம் முந்தி ஓடுது. எல்லா வரியிலும் எட்டைக் கழிச்சுக்குங்க."

"அப்போ நோட்டே செல்லாதுன்னு ஒத்துக்கறீங்க?"

"அதெப்படி? நான் ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னா தலையும் மேல போகும், காலும் மேல போகும். அதுக்காக நான் வளந்துட்டேன்னு ஆயிடுமா சார்? முதல் பஸ்லயும் எட்டைக் கழிங்க, அடுத்த பஸ்லயும் எட்டைக் கழிங்க. நடுவுல நாங்க நின்னமே நாப்பத்தேழு நிமிஷம், அதுல ஒரு நிமிஷமாவது குறையுதான்னு பாத்துச் சொல்லுங்க."

வாசலில் பியூன் களுக்கென்று சிரித்தான். கங்காதரய்யா பேனாவை எடுத்துக் கழித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். அவருடைய மெஷினே அந்த நாற்பத்தேழு நிமிஷத்துக்குச் சாட்சி சொன்னது. கூட்டம் சேரட்டும் என்று பஸ்கள் புறப்படுகிற இடத்திலேயே நின்றுவிடுவதும், பின்னால் வருவது வந்து ஒட்டிக்கொள்வதும் அவருக்குத் தெரியாத விஷயமா என்ன? நியாயமான மனுஷன்தான், ஒத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை முதல் உங்க ஸ்டாப்புலேருந்தே கிளம்பற மாதிரி எட்டுப் பத்துக்கு ஒண்ணு, எட்டு இருபத்தஞ்சுக்கு ஒண்ணு. ஒரு மாசம் பாப்போம். ஆனா யாருக்காகவும் நிக்காது. நீங்களே ஓடி வந்தாலும் நிக்காது."

"நிக்கக்கூடாது சார். நின்னு நின்னுதானே இந்தக் கதி" என்றார் ஹொம்பாளம்மா.

பஸ் நேரத்தோடு ஒத்துப்போகட்டும் என்று ஞாயிறு முழுக்க அவர் வீடு வீடாகப் போய்க் கடிகாரங்களை எட்டு நிமிஷம் பின்னால் தள்ள வைத்தார்.

திங்கட்கிழமை பஸ் எட்டு மணிக்கே வந்து நின்றது. பெண்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பூ வைத்துக்கொண்டு ஏறினார்கள். மணி எட்டு ஒன்பது ஆயிற்று. ஹொம்பாளம்மாவைக் காணோம். படிக்கட்டில் நின்ற சர்வமங்களாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எட்டுப் பத்துக்கு டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போதுதான் தெருமுனையில் ஹொம்பாளம்மா தென்பட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிபன் பை ஆட, மூச்சிரைக்க ஓடி வந்தார்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அந்தம்மா இல்லேன்னா இந்த பஸ்ஸே இல்லையே. ஒரு நிமிஷம்தானே, என்ன சொல்றீங்க?"

கேள்வி சர்வமங்களாவைப் பார்த்து. ஒரு நிமிஷத்தில் அவள் வேலை போய்விடாது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் இன்று ஹொம்பாளம்மாவுக்கு என்றால் நாளை இன்னொருத்திக்கு. வாரக் கடைசியில் பழைய பஸ்ஸேதான். நிறுத்துங்கள் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

தெருவில் ஹொம்பாளம்மா ஓட்டத்தை நிறுத்தி இரண்டு கையையும் வீசினார். "ஏய், என் மூஞ்சியை என்னடா பாக்கறே? மணியைப் பாரு! எடு வண்டியை!"

"ரைட்! ரைட்!" என்று கத்தினாள் சர்வமங்களா. அது போதும், பஸ் நகர்ந்தது.

கம்பெனிக் கடிகாரத்துக்கே ஏழு நிமிஷம் மிச்சம் வைத்துக் கேட்டுக்குள் போனார்கள். சர்வமங்களா மட்டும் உள்பக்கமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட் மூடி எட்டு நிமிஷம் கழித்து ஹொம்பாளம்மா வந்து சேர்ந்தார். நடந்தது இதுதான்: வீட்டுக் கடிகாரத்தை ராத்திரி அவர் எட்டு நிமிஷம் பின்னால் தள்ளியிருக்கிறார், ஊருக்கே சொன்னதைக் கேட்ட மருமகள் விடியற்காலையில் பொறுப்பாக இன்னொரு எட்டு தள்ளியிருக்கிறாள்.

வாட்ச்மேன் பதிவேட்டைத் திறந்து, "தாமதம்னுதான் எழுதணும்மா, எனக்கு வேற வழியில்ல" என்று இழுத்தான்.

"தாராளமா எழுதுப்பா" என்றார் ஹொம்பாளம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "கூடவே இதையும் எழுது. எட்டு இருபத்தஞ்சு பஸ் சரியா எட்டு இருபத்தஞ்சுக்குக் கிளம்புச்சு."