பத்தொன்பது இன்ச்

இடுப்பை நிமிர்த்த முடியவில்லை அவனுக்கு. வருடக்கணக்காக டயர் கழற்றி மாட்டிய இடுப்பு. ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டது.

கூடத்தில் அண்ணன் கிடந்தான். குறட்டை இல்லாமல் அண்ணன் படுத்திருப்பதை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நெற்றியில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

முந்தின நாள் மத்தியானம், ஆசை ஆசையாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு சாலையோரச் சுவரில் போய் முட்டியிருந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். நின்றதால் முட்டினாரா, முட்டியதால் நின்றதா என்று அண்ணி கேட்டாள். "தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த வண்டிக்குச் சக்கரம் மாட்டியவன் அவன்தான்.

சித்தப்பா வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "சைக்கிளுக்குக் காத்தடிச்சவன் ரேஸ் காருக்கு டயர் மாட்டினா வேற என்ன நடக்கும்?"

வண்டி வரும்போது பதினேழு இன்ச் சக்கரம். அண்ணன் பத்தொன்பதில் நின்றான்.

"பதினெட்டு போதும்ணே. ரிம் பெருசானா ரப்பர் ஒல்லியாயிடும். ஒரு குழியைத் தாங்காது."

"பதினெட்டை எதிர்வீட்டுக்காரன் போட்டுட்டான்டா."

"சரி, அகலத்தையாவது குறைச்சுக்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள உரசும்."

"உரசினா பார்க்கத்தானே நீ இருக்க? கடை வச்சிருக்கியா, இல்ல பஜனை மடம் வச்சிருக்கியா?"

ரிம் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு ரப்பர் குறைய வேண்டும். மொத்த உயரம் பழைய சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதில் அரை இன்ச் கூடத்தான் வந்தது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடம். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தான். உரசவில்லை. சரியென்று அனுப்பிவிட்டான்.

ஆனால் பார்த்தது காலி வண்டியில். அண்ணன் அப்போது வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு சிமெண்ட் மூட்டைக்குச் சமமான ஆள். அவன் ஏறினாலே வண்டி ஒரு பக்கம் அமுங்கும். அவனை உட்காரவைத்து இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். அந்த நினைப்பு இப்போதுதான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்து தொலைத்தது.

விடிந்ததும் இழுவை வண்டிக்காரர் போன் செய்தார். "கண்ணாடியில உங்க கடை ஸ்டிக்கர் இருந்துச்சுங்க. கடை வாசலுக்கே கொண்டு வந்துட்டேன்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "போயிட்டு வாங்க தம்பி. எதுவா இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்க."

ஜாக்கி வைத்துத் தூக்கி, சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்து, டார்ச்சோடு உள்ளே போனான். முன் டயர் இரண்டிலும் காற்று அப்படியே இருந்தது. ரிம் வளையவில்லை. டயரின் உள்பக்க விளிம்பைக் கையால் தடவினான். புது டயரில் அங்கே சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். உரசியிருந்தால் சவரம் பண்ணின மாதிரி வழித்துக்கொண்டு போயிருக்கும். விரலில் முதல் முடி குத்தியது. பக்கத்தில் அடுத்தது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினான். ஒன்றுகூடப் போகவில்லை. மறுபக்கத்துச் சக்கரத்திலும் அப்படித்தான்.

இழுவை வண்டிக்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்னத்தைத் தேடறீங்க? நான் போனப்போ இடது பக்க இண்டிகேட்டர் அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. கியர் நியூட்ரல். மனுஷன் ஓரங்கட்டத்தான் பார்த்திருக்காரு. பம்பர்ல ஒரு சொட்டை, வேற ஒண்ணுமில்ல."

அவன் வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தான். வெளியே வந்தபோது அப்படி ஒரு பசி. எதிர்க்கடையில் பன் வாங்கி, நின்றபடியே இரண்டைத் தின்றான். துக்க வீட்டு ஆள் இப்படித் தின்னலாமா என்று டீக்கடைக்காரர் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று மூன்றாவதையும் கேட்டான்.

வீட்டில் அண்ணி சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள்.

"டயர் இல்ல அண்ணி. எங்கேயும் உரசல. அவருக்கு முன்னாடியே என்னவோ பண்ணியிருக்கு. ஓரங்கட்ட இண்டிகேட்டர் போட்டிருக்காரு."

"இண்டிகேட்டரா? அவரா?"

"ஆமா அண்ணி."

"என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டினப்போ ஒரு நாளும் போட்டதில்லையே" என்றாள். உதடு ஒரு பக்கம் கோணி, பிறகு நேரானது. வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "சின்ன மாமா, டயர்ல ஒரு குறையும் இல்லையாம். இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்."

சித்தப்பா எழுந்து செருப்பைத் தேடினார்.

அண்ணி குரலைத் தணித்தாள். "வண்டிய வித்துடலாம் தம்பி. இந்தப் பெரிய சக்கரத்தோட எவன் வாங்குவான்? பழைய சக்கரம் நாலும் உங்க கடையிலதானே இருக்கு? அதையே மாட்டிடுங்க."

"மாட்டிடறேன் அண்ணி."

கடையில் மூன்றுதான் இருந்தது. போன வாரம் ரிம் வளைந்து வந்த ஒரு வாடிக்கைக்காரருக்கு அவசரத்துக்கு ஒன்றை எடுத்து மாட்டி அனுப்பியிருந்தான். அண்ணனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

வெளியே அமரர் ஊர்தி வந்து நின்றது. தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவன் போய்த் தலைமாட்டுப் பக்கம் நின்றான். அண்ணனுக்கு ஒரு சக்கரம் பாக்கி.