பதினெட்டாங்கட்டைக்கு நடந்து வந்த கிளினிக்

2025 ஜனவரி ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மலேசியாவில், ஜொகூர் பாருவிலிருந்து பதினெட்டாங்கட்டையில், அதாவது பதினெட்டாவது மைல்கல்லில், இருந்த அரசாங்க கிளினிக் எழுந்து வடக்கே நடக்கத் தொடங்கியது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. வெள்ளத்தில் நடப்பவர் கைலியைத் தூக்கிப் பிடிப்பதுபோல் அடித்தளத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு, பழைய சாலையின் இடது ஓரமாக, நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் போனது. ஒரு மணிக்கு மதிய உணவுக்கு நிற்கும், இரண்டு மணிக்குப் புறப்படும், ஐந்துக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே உட்கார்ந்துவிடும். அந்த மாதம்தான் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறியிருந்தது. மனிதர்கள் பலர் குழம்பினார்கள், கட்டடம் குழம்பவில்லை. தைப்பூச விடுமுறையன்று ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நாள் முழுக்க அசையாமல் நின்றது.

அது ஏன் நடக்கிறது என்பது மலருக்கு மட்டும் தெரியும். சிகாமட் டவுனுக்கு வடக்கே உள்ள பதினெட்டாங்கட்டையில் காலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கிறவள் அவள். பதிமூன்று வருடத்துக்கு முன்னால், அங்கிருந்த தோட்டம் கைமாறி, தோட்டத்து டிஸ்பென்சரியை மூடிய பிறகு, முந்நூறு குடும்பங்களும் கூடி அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். மலாய் நன்றாக எழுதுவாள் என்று அவளிடம்தான் பேனாவைக் கொடுத்தார்கள். இடம் என்ற கட்டத்தில் 'பத்து 18' என்று மட்டும் எழுதினாள்; பத்து என்றால் மலாயில் கட்டை. எந்த ஊரிலிருந்து பதினெட்டாவது கட்டை என்று எழுதவில்லை. பதினெட்டாங்கட்டைக்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. உலகத்தில் இன்னொன்று இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. மனு கனிவோடு ஏற்கப்பட்டது, நிதி ஒதுக்கப்பட்டது, தெற்கே ஏற்கெனவே இரண்டு கிளினிக்குகள் இருந்த ஒரு பதினெட்டாங்கட்டையில் மூன்றாவது கட்டப்பட்டது. அதன்பின் வடக்கிலிருந்து போன ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில் வந்தது: தங்கள் பகுதியில் கிளினிக் உள்ளது, நன்றி. பதினோரு வருடம் அந்தப் பதில் வந்துகொண்டிருந்தது. தன் பேனா செய்த வேலை என்று மலருக்குப் புரிந்தபோது, வெளியே சொல்லத் துணிச்சல் வரவில்லை.

இப்போது அந்தத் தப்பின் பலன் அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கணவன் திருச்செல்வத்துக்குச் சர்க்கரை. இடது காலில் இரண்டு விரல் போய்விட்டன, பாதத்தில் புண். தினமும் பழகிய கையால் கட்டு மாற்ற வேண்டும், புண்ணின் கறுப்பு மேலே ஏறிக் கணுக்காலைத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான், ஜூன் கடைசியில் பார்த்து முடிவு செய்வோம் என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் நின்று நாலு வருடமாயிற்று. மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய், காத்திருந்து, திரும்பினால் ஒரு பகல் போய்விடும். வாரம் மூன்று நாள் கடையைச் சீக்கிரம் மூடினால் அடுப்பு எரியும், தினமும் மூடினால் எரியாது. மற்ற நாட்களில் மலரே கட்டு மாற்றினாள். அவள் கை அன்பான கைதான், ஆனால் புண்ணுக்கு அன்பு போதவில்லை.

"அது வரும்போது வரட்டும் லா," என்றான் திருச்செல்வம், கைத்தொலைபேசியில் கிளினிக் வடக்கே தங்கள் பக்கமாக நடந்து வருவதைப் பார்த்தபடி. "என் காலு அதுவரைக்கும் காத்திருக்கணுமே."

நடந்தபடியே கிளினிக் வேலையும் செய்தது. ஓரிடத்தில் ஏறிய நோயாளி இருநூறு மீட்டர் தள்ளி இறங்கினார். ஜனங்கள் மோட்டாரை முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தப் பழகிக்கொண்டார்கள். பொறுப்பாக இருந்த நர்ஸ், மிஸ்ஸி யோகேஸ்வரி, ஊசி போடும்போது மட்டும் சுவரில் தட்டுவாள், கட்டடம் ஒரு நிமிடம் நிற்கும். சுகாதார இலாகாவின் திட்டப் பிரிவிலிருந்து ரமணன் என்ற அதிகாரி நிறுத்துவதற்காக வந்தார். குறுக்கே லாரி போட்டார். லாரிக்காரர் தே தாரிக் குடிக்கப் போனதும் கிளினிக் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இடமாற்றச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மூன்று நாள் யோசித்து, யாரும் இடம் மாற்றவில்லை, ஆகவே செலவு இல்லை என்று அறிக்கை எழுதினார். மேலிடம் மிகவும் திருப்தியடைந்தது.

ஒவ்வொரு ஊரின் பதினெட்டாங்கட்டையிலும் கிளினிக் சற்று நின்று பார்த்தது. மனுவில் ஊர்ப்பெயர் இல்லையே, பாவம், அது என்ன செய்யும். ஹரி ராயா பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை யோங் பெங்கிலிருந்து பதினெட்டாவது கட்டைக்கு வந்தது. விடுமுறை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. தூண்கள் மண்ணில் இறங்கின, சாக்கடையோடு குழாய் தானாகப் பொருந்தியது. அங்கிருந்த ஜனங்கள் வாசலில் மாவிலை கட்டினார்கள். மூன்று வாரம் ஓடிவிட்டது. திருச்செல்வத்தின் பாதத்தில் கறுப்பு ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

மலர் கடையை மூடிவிட்டு அறுபத்தைந்து கிலோமீட்டர் மோட்டார் ஓட்டிக்கொண்டு போனாள். வாசலில் ராசம்மா என்ற பெண் மூச்சிரைக்கும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலர் எதையும் மறைக்கவில்லை. மனுவைச் சொன்னாள், கட்டையைச் சொன்னாள், காலைச் சொன்னாள்.

"அப்ப எங்களுக்கு வேணாமாம்மா?" என்றாள் ராசம்மா. "இந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டினா நாங்க எங்க தூக்கிட்டு ஓடுறது? இந்த மூணு வாரந்தான் நான் நிம்மதியா தூங்குனேன்."

திரும்பிப் போய்விடலாமா என்றுகூட மலர் ஒரு கணம் நினைத்தாள். கணுக்கால் நினைவு வந்தது.

"தப்பு என்னோடதுதான்க்கா," என்றாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் இதுக்கிட்ட ஊர்ப்பேர சொல்லாம போனா என் வீட்டுக்காரரு கால எடுத்துருவாங்க."

ராசம்மா மடியிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வாசலிலிருந்து நகர்ந்து வழிவிட்டாள்.

அரசாங்கக் கட்டடம் என்பதால் மலர் மலாயில்தான் சொன்னாள். சுவரில் கை வைத்து, "மாஃப். சிகாமட். பத்து லாப்பான் பெலாஸ், சிகாமட்," என்றாள். மன்னிக்கணும், சிகாமட், சிகாமட் பதினெட்டாங்கட்டை என்று அர்த்தம். கட்டடம் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் தூண்களை மண்ணிலிருந்து உருவிக்கொண்டது. மாவிலைத் தோரணம் அறுந்து ராசம்மாவின் காலடியில் விழுந்தது. மலர் போய்விடவில்லை. மாலை வரை அந்த ஜனங்களோடு உட்கார்ந்து அவர்களுக்கு ஒரு மனு எழுதினாள். சாலை, ஊர், மாவட்டம், மாநிலம், அஞ்சல் எண், எதிரே இருக்கும் பெட்ரோல் நிலையம் எல்லாம் எழுதினாள். அந்த மனு இன்று வரை பரிசீலனையில் இருக்கிறது. ராசம்மாவின் முகம் மலரை விட்டு இன்னும் போகவில்லை.

மே மாத நடுவில் கிளினிக் சிகாமட் ஆற்றுப் பாலத்துக்கு வந்தது. கனரக வாகனங்களுக்குத் தடை என்று பலகை இருந்தது. இது வாகனம் அல்ல என்று அங்கிருந்த போலீஸ்காரர் தீர்மானித்து வழிவிட்டார். மறுநாளிலிருந்து மலர் திருச்செல்வத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, காலில் பிளாஸ்டிக் பை கட்டி, கிளினிக்கை எதிர்கொண்டு போகத் தொடங்கினாள். முதல் நாள் இருபத்தேழு கிலோமீட்டர், அடுத்த நாள் இருபத்தைந்து, அடுத்து இருபத்துமூன்று. டவுனைப்போலக் காத்திருக்க வேண்டியதில்லை, கடையை மூடவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலைநாளும் யோகேஸ்வரி சுவரில் தட்டி நிறுத்தி, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டாள். தூரம் பதிமூன்று கிலோமீட்டராகக் குறைந்தபோது கறுப்பு நின்றது. ஐந்து கிலோமீட்டரில் புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவப்பாகத் தெரிந்தது. மலர் சாலையோரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு அழுதாள். பசியால் அழுகிறாள் என்று நினைத்துத் திருச்செல்வம் ரொட்டி வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் பத்தாம் தேதி மூன்று மணிக்குக் கிளினிக் பதினெட்டாங்கட்டைக்கு வந்து, மூடிப்போன டிஸ்பென்சரியின் பக்கத்துக் காலிமனையில் இறங்கியது. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால் உடனே நோயாளிகளைப் பார்த்தார்கள். திட்டப் பிரிவின் ஏடுகளில் அது எப்போதுமே 'பத்து 18' என்றுதான் இருந்தது, அதனால் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. வடக்கு மாவட்டங்களில் அந்த ஆண்டு மாற்றம் எதுவும் இல்லை என்று ஆண்டறிக்கை சொன்னது.

டாக்டர் காலை எடுக்க வேண்டாம் என்றார். திருச்செல்வம் இப்போது வாரம் ஒருமுறை கோல் ஊன்றி நடந்தே போகிறான். "எட்டு மணின்னு போர்டுல போட்ருக்காங்க, எட்டேகாலுக்குத்தான் நம்பர் குடுக்குறாங்க. என்னா அரசாங்கமோ!" என்று திரும்பி வந்ததும் கடை முன்னால் நின்று திட்டுகிறான். மலர் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவன் இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, திட்டட்டும் என்று விட்டுவிடுகிறாள்.