சத்தமில்லாத கார்டு

அக்காள் புருஷன் வருவதைக் கடையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததுமே டெஸ்டருக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டரைச் செருகி வைத்திருப்பதால் கடையில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். அக்காள் புருஷன் மட்டும் செத்தாலும் சொல்லமாட்டார். சிபியூவை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி வந்தவர், மேஜைமேல் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"என்ன மாப்ள, இன்னும் இங்கதான் குப்பை கொட்டறியா?"

"ஆமா மாமா. நீங்க இன்னும் வேலைக்குப் போகாம வீட்லதான் இருக்கீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். ஆறு மாதமாக வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் கேம் ஆடிக்கொண்டிருந்த மனுஷன், ஏதோ ஒரு போட்டியில் தப்பித்தவறி ஜெயித்துத் தொலைத்துவிட்டார். அந்தப் பரிசுப் பணத்தில், கேம் இன்னும் வேகமாக ஓட, ஒரே மெஷினில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தரவேண்டுமாம். டெஸ்டர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். இரண்டிலும் ஒரே சிப், ஒரே மெமரி, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். விசிறி மட்டும்தான் வேறு. ஒன்றில் ஒற்றை விசிறி. சூட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும், ஆனால் ஆட்டம் சூடுபிடித்தால் வீடே அதிரக் கத்தும். மற்றதில் மூன்று விசிறிகள். சத்தமே வராது, ஆனால் சூட்டை எல்லாம் சிபியூவுக்குள்ளேயே கொட்டும். அதை ஜோடியாகப் போட்டால் மேல் கார்டு கீழ் கார்டின் அனலில் வெந்து, நடு ஆட்டத்தில் மந்தமாகிவிடும். இரண்டு கார்டு போடுகிறவர்களுக்கு டெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விசிறியைத்தான் சொல்வான்.

ஆனால் அந்த மெஷின் இருப்பது அக்காளின் படுக்கை அறையில். வீட்டில் இருப்பதே அந்த ஓர் அறைதான். அக்காள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மூன்று மாதமாக ராத்திரி டியூட்டி. காலையில் வந்து படுத்தால் பக்கத்திலேயே கீபோர்டு தடதடக்கும். போன வாரம் போனில் அவள் அழாத குறைதான். "மருந்தை மாத்தி எடுத்துட்டேன்டா. பக்கத்துல இருந்தவ பாத்ததால தப்பிச்சேன். இன்னொரு தடவை நடந்தா வேலைக்கு வராதேன்னு எழுதியே குடுத்துட்டாங்க." அன்றிலிருந்து அக்காள் புருஷனை நினைத்தாலே டெஸ்டருக்குக் கை நமநமவென்றிருந்தது.

ஆகவே மூன்று விசிறியைத்தான் அவர் தலையில் கட்டவேண்டும். ஆட்டம் மந்தமாகி நாலு போட்டியில் தோற்பார், அவ்வளவுதானே. நன்றாகத் தோற்கட்டும். ஆனால் நேராகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். டெஸ்டர் கிழக்கே போ என்றால் மேற்கே போகிற பிறவி அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவன் சொன்ன பவர் சப்ளையை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கி, அது புகைந்து போனதும், "மச்சினன் ஏமாத்திட்டான்" என்று சொந்தக்காரர்கள் மத்தியில் மானத்தை வாங்கியவர். அதன்பிறகு மானிட்டர், மவுஸ், நாற்காலி என எல்லாவற்றிலும் இவன் சொன்னதற்கு நேர்மாறுதான். அக்காள் தூங்கவேண்டும் என்று கெஞ்சினாலும் அதற்கும் ஒரு குதர்க்கம் பேசுவார் என்றே டெஸ்டருக்குத் தோன்றியது. அவரிடம் கெஞ்ச அவனுக்கு இஷ்டமும் இல்லை.

"இதைத்தான் எடுக்கணும் மாமா," என்று ஒற்றை விசிறிப் பெட்டியைத் தள்ளினான். "ரெண்டு கார்டுன்னா இதுதான் சரி."

நினைத்தபடியே அவர் கை மற்ற பெட்டிக்குப் போனது. டெஸ்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவர் கார்டை வெளியே எடுத்து, மூன்று விசிறிகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே, "நீ சொன்ன அதுல சத்தம் எப்படி?" என்று ஒற்றை விசிறியைக் காட்டினார்.

உள்ளதைச் சொன்னால் அதற்கும் நேர்மாறாகத்தானே நம்புவார்?

"சத்தமா? மூச்சு விடற சத்தம்கூட வராது."

அவர் டெஸ்டரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டு ஒற்றை விசிறிப் பெட்டியைத் தொட்டார்.

"அப்ப இதையே ரெண்டு போடு. உன்னை எனக்குக் கட்டோட பிடிக்காது, அது உனக்கே தெரியும். ஆனா உங்க அக்கா சத்தியம் பண்ணாத குறையா சொன்னா, மெஷின் விஷயத்துல மட்டும் என் தம்பி பொய் சொல்லமாட்டான்னு. பகல்ல அவ தூங்கணும். அவ வேலையும் போச்சுன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்."

டெஸ்டர் திருப்புளியை எடுத்தான். இப்போது வாயைத் திறந்தால் ஊரெல்லாம் அவர் சொல்லிவைத்தது மெய்யாகிவிடும், அதுவும் முதலாளி காதுபட. அக்காளின் வார்த்தையும் பொய்யாகிவிடும். சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான். இரண்டு கார்டுகளும் உட்கார்ந்துவிட்டன.

எந்த மெஷினும் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடிக் காட்டாமல் கடையை விட்டுப் போகக்கூடாது. டெஸ்டரே சண்டை போட்டுக் கொண்டுவந்த விதி அது. முதலாளி அங்கிருந்தே, "ஓட விட்டுக் காட்டு" என்றார். டெஸ்டர் பட்டனைத் தட்டினான். திரையில் சோதனை ஆட்டத்தின் வெட்டவெளி ஒன்று விரிந்தது, ஓரத்தில் சூட்டின் அளவு நாற்பத்தொன்று என்றிருந்தது. விசிறிகள் மெல்லச் சுற்றின.

அக்காள் புருஷன் குனிந்து பெட்டியருகே காதை வைத்தார். "அட, நிஜமாவே சத்தம் இல்லையே மாப்ள." அவர் குரலில் முதல்முறையாகக் குத்தல் இல்லை. போனை எடுத்துப் பதிவு பட்டனை அழுத்தி, விசிறிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "அவ எந்திரிச்சதும் கேக்கட்டும்," என்று கிசுகிசுத்தார், தன் குரல் அதில் விழுந்துவிடக்கூடாது என்பதுபோல.

அறுபதைத் தாண்டினால்தான் அந்த விசிறி வாய் திறக்கும். திரையில் ஐம்பத்திரண்டு. டெஸ்டர் சட்டைப் பையைப் பிடித்தபடி நின்றான். ஐம்பத்தைந்து. அக்காள் புருஷன் உதட்டில் விரலை வைத்து, அசையாதே என்று கண்ணாலேயே சொன்னார். ஐம்பத்தெட்டு.